கை எழுதுகிறதா, மூளை எழுதுகிறதா?



'கையெழுத்து' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. எழுதுவது கைதான் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. காட்டில் மரம் வெட்டுகிறவரைப் பார்த்து, 'இவருக்குக் கை வேலை' என்போம். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாரைப் பார்த்து, 'அவருக்கு மூளை வேலை' என்போம். இருவருமே கையால்தான் வேலை செய்கிறார்கள். ஒருவர் கையில் உளி. மற்றவர் கையில் பேனா. அப்படியிருக்க, ஒன்றைக் கை வேலை என்றும் மற்றதை மூளை வேலை என்றும் பிரிப்பது சரிதானா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

மனித மூளையின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கெட்டியான மண்டையோட்டுக்குள் அது பத்திரமாக மூடப்பட்டிருக்கிறது. இதயம் துடிப்பதைக் காது வைத்துக் கேட்கலாம். நுரையீரல் விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். மூளையோ சத்தமும் போடாது. வெளியே தெரியும்படி அசையவும் செய்யாது. ஆகவே, உயிரோடு இருக்கும் மனிதனின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று அறிய மருத்துவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. நோயாளிக்கு எந்தத் திறமை போயிற்று என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். அவர் இறந்த பிறகு மண்டையைத் திறந்து, எந்த இடம் பழுதாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் ஒரு விளக்கு அணைந்த பிறகு, எந்தக் கம்பி அறுந்தது என்று தேடுவதைப் போன்ற வேலை அது.

1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்ற நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக 'டான்' என்ற ஓர் ஓசையைத் தவிர வேறெதையும் அவரால் தெளிவாகப் பேச முடியவில்லை. ஆனால் பிறர் சொல்வது அவருக்குப் புரிந்தது. அவருடைய வலது கையும் காலும் செயலற்றுப் போயிருந்தன. பால் புரோக்கா என்ற மருத்துவர் அவர் மூளையைச் சோதித்தபோது, இடது பக்கத்தின் முன்பகுதியில் பழுது இருக்கக் கண்டார். பேச்சுக்கு மூளையில் ஒரு தனி இடம் உண்டு என்ற கருத்து அன்றுமுதல் வலுப்பெற்றது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1870-இல், பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரு இளம் மருத்துவர்கள் ஒரு நாயின் மூளை மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மூளையின் இடப்பக்கத்தைத் தொட்டால் வலப்பக்கத்துக் கால் அசைந்தது. வலப்பக்கத்தைத் தொட்டால் இடப்பக்கத்துக் கால் அசைந்தது. பக்கவாதம் வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மூளையின் இடது பாதியில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வலது கையும் காலும் விழுந்துவிடுகின்றன. அதன் காரணம் இதுதான்.

சரி, கை அசைவதற்கு மூளையில் ஓர் இடம் இருக்கிறது. எழுதுவதற்கும் தனி இடம் உண்டா? 1881-இல் வியன்னா நகரத்து அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர் இதை ஆராய்ந்தார். மருத்துவர்கள் எழுதி வைத்திருந்த 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அவர் ஒன்றுதிரட்டினார். கை நன்றாக அசைந்தும் எழுத முடியாமல் போனவர்கள் மிகச் சிலரே அவற்றில் இருந்தார்கள். அந்தச் சிலரை வைத்தே, இடது மூளையின் முன்பகுதியில், கையை ஆட்டும் இடத்துக்குச் சற்று முன்னே, எழுதுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று அவர் கூறினார். சான்று போதாது என்று பலர் மறுத்தார்கள். அந்த விவாதம் நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அது எப்படி முடிந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அதற்குமுன் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாரிஸ் நகரத்தில் ஓய்வுபெற்ற வணிகர் ஒருவர் இருந்தார், நன்றாகப் படித்தவர், இசை தெரிந்தவர். 1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒருநாள், கையிலிருந்த தாளில் ஓர் எழுத்தைக்கூடத் தம்மால் படிக்க முடியவில்லை என்பதைத் திடீரென்று உணர்ந்தார். கண் கோளாறு என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் சென்றார். பார்வை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. மனிதர்களையும் பொருள்களையும் அவரால் அடையாளம் காண முடிந்தது. பேச்சிலும் குறையில்லை. எழுத்து மட்டுமே அவருக்குப் புரியவில்லை.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. அவரால் எழுத முடிந்தது! யாராவது சொல்லச் சொல்ல வரிவரியாக எழுதினார். ஆனால் எழுதி முடித்த தாளை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னால், அவரால் முடியவில்லை. தாம் எழுதியதே தமக்கு அந்நிய மொழியாகிவிட்டது. அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. எழுத்தின் வடிவத்தை விரலால் தடவி எழுதிப் பார்த்தால், அது இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். கண் மறந்ததைக் கை மறக்கவில்லை.

1892 ஜனவரியில் அவருக்கு இரண்டாம் முறையாக நோய் தாக்கியது. இம்முறை எழுதும் திறமையும் போயிற்று. சில நாள்களில் அவர் இறந்துபோனார். மருத்துவர் ஜூல் டெஜெரின் அவர் மூளையைத் திறந்து பார்த்தார். பின்பக்கத்தில், பார்வைக்குரிய இடத்தையொட்டிப் பழைய பழுது ஒன்று இருந்தது. அதற்குச் சற்று முன்னால், இடப்பக்கத்தில், புதிய பழுது ஒன்று இருந்தது. படிப்பதும் எழுதுவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும், மூளையில் அவை வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பதை அந்த மனிதரின் துன்பம் உலகத்துக்குக் காட்டியது.

நேயர்களே, இதுவரை சொன்னதெல்லாம் இறந்தவர்களிடமிருந்து கற்ற பாடம். உயிரோடு இருப்பவரின் மூளை வேலை செய்யும்போதே அதைப் பார்க்க வழியில்லையா? வழி காட்டியது இரத்தம்.

நாம் வேகமாக வேலை செய்தால் உடம்புக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. மூளைக்கும் இதே நியதிதானா? இத்தாலி நாட்டு அறிஞர் ஏஞ்சலோ மொஸ்ஸோவிடம் பெர்ட்டினோ என்ற குடியானவர் வந்தார். விபத்தில் அவர் மண்டையோட்டில் துளை விழுந்திருந்தது. அந்தத் துளையின் வழியே மூளையின் இரத்தத் துடிப்பை அளக்க முடிந்தது. நண்பகலில் தேவாலய மணி அடித்தது. உடனே துடிப்பு கூடியது. 'மணி கேட்டதும் பிரார்த்தனை நினைவு வந்ததா?' என்று மொஸ்ஸோ கேட்டார். மறுபடியும் துடிப்பு கூடியது. கையோ காலோ அசையவில்லை. நினைப்பு மட்டுமே மாறியது. 1890-இல் இங்கிலாந்தில் ராய், ஷெரிங்டன் என்ற இரு அறிஞர்கள், மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்ற கருத்தை வெளியிட்டார்கள்.

1928-இல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு செய்தி வெளிவந்தது. கப்பலில் வேலை செய்த ஒருவருக்கு மூளையின் பின்பகுதியில், பார்வைக்குரிய இடத்தில், இரத்தக் குழாய்கள் சிக்கலாக வளர்ந்திருந்தன. இரத்தம் அங்கே பாயும் இரைச்சலை மருத்துவர் ஜான் ஃபுல்டன் தலையின் வெளியிலிருந்தே கேட்டார். அந்த மனிதர் செய்தித்தாளைப் படிக்கத் தொடங்கினால் இரைச்சல் கூடியது. கண்ணை மூடி ஓய்வெடுத்தால் குறைந்தது. மற்றப் புலன்களைப் பயன்படுத்தும்போது அப்படிக் கூடவில்லை. மனிதன் படிக்கும் வேலையை மருத்துவர் காதால் கேட்டார் என்றே சொல்லலாம்.

கனடாவில் மோன்ட்ரியால் நகரத்து அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு வேறொரு வழியில் சென்றார். வலிப்பு நோய்க்காக அறுவை செய்யும்போது, நோயாளி விழித்திருக்கும் நிலையிலேயே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் இது முடிந்தது. உடம்பின் எந்தப் பகுதிக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று 1937-இல் வரைந்து காட்டினார். முதுகு முழுவதற்கும் கொஞ்ச இடம். கைக்கோ மிகப் பெரிய இடம். அதிலும் கட்டைவிரலுக்கு நிறைய. உதட்டுக்கும் நாக்குக்கும் அப்படியே. நுட்பமாக வேலை செய்யும் உறுப்புக்கு மூளை அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது. கை வேலை என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு மூளை கொடுத்திருக்கும் மரியாதையைப் பாருங்கள்!

இனிப் படங்களுக்கு வருவோம். 1971 அக்டோபர் முதல் தேதி, லண்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் அமைத்த கருவியில் ஒரு பெண்ணின் மூளை படம் பிடிக்கப்பட்டது. இன்று நாம் 'சி.டி. ஸ்கேன்' என்று சொல்வது அதுதான். கட்டி எங்கே, இரத்தக் கசிவு எங்கே என்று அது காட்டும். ஆனால் மூளை என்ன வேலை செய்கிறது என்று காட்டாது. ஆலையின் கட்டடம் தெரியும். எந்த இயந்திரம் ஓடுகிறது என்று தெரியாது.

ஓடும் இயந்திரத்தைக் காட்டியவர்களுள் டென்மார்க் நாட்டு அறிஞர்கள் முக்கியமானவர்கள். நீல்ஸ் லாஸனும் அவர் தோழர்களும், கதிர்வீசும் ஒருவகை வாயுவைக் கரைத்து மூளைக்குச் செல்லும் இரத்தத்தில் மிகச் சிறிதளவு சேர்த்து, தலைக்கு வெளியே 254 உணர்கருவிகளை வைத்து, இரத்தம் எங்கே அதிகம் பாய்கிறது என்று அளந்தார்கள். 1980-இல் பெர் ரோலண்டு என்பவரோடு சேர்ந்து ஓர் அருமையான சோதனை செய்தார்கள். விரல்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அசைக்கச் சொன்னார்கள். மூளையில் கையை ஆட்டும் இடமும், அதற்கு முன்னால் உச்சிப் பக்கம் உள்ள ஓர் இடமும் சேர்ந்து வேலை செய்தன. பிறகு, விரலை அசைக்காமல் அதே வரிசையை மனத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது கையை ஆட்டும் இடம் ஓய்ந்திருந்தது. உச்சிப் பக்கத்து இடம் மட்டும் வேலை செய்தது. செயல் கையில் தொடங்குவதற்கு முன்பே மூளையில் அதன் திட்டம் ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கதிர்வீச்சு உள்ள முறையை ஆரோக்கியமானவர்களிடமும் குழந்தைகளிடமும் அடிக்கடி பயன்படுத்த முடியாதல்லவா? அதற்கும் இரத்தமே விடை வைத்திருந்தது. பிராணவாயு உள்ள இரத்தத்துக்கும் அதை இழந்த இரத்தத்துக்கும் காந்தத் தன்மையில் வேறுபாடு உண்டு என்று லைனஸ் பாலிங் என்பவரும் அவர் தோழரும் 1936-இலேயே கண்டிருந்தார்கள். 1990-இல், அமெரிக்காவில் இருந்த ஜப்பானிய அறிஞர் சீஜி ஒகாவா, இந்த வேறுபாட்டைக் காந்தக் கருவியான எம்.ஆர்.ஐ. மூலம் படமாக்கலாம் என்று எலிகளிடம் காட்டினார். 1992-இல் மனிதர்களிடமும் அது வெற்றி பெற்றது. ஊசியில்லை, கதிர்வீச்சு இல்லை. படுத்துக்கொண்டு விரலைத் தட்டினால், மூளையில் விரலுக்குரிய இடம் படத்தில் தெரிந்தது. அந்தக் கருவிக்குள் மனிதர்களை எழுதச் சொன்னால் என்ன?

1999-இல் ஜெர்மனியில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. வலது கை ஆள்காட்டி விரலால் கையொப்பம் போடுவதுபோல் அசைக்கச் சொன்னார்கள். பிறகு, அதே கையொப்பத்தை வலது காலின் பெருவிரலால் போடச் சொன்னார்கள். காலால் போடும்போதும், கையின் நுட்பமான அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்தன! ஆக, நம் கையொப்பம் நம் விரலில் இல்லை. மூளையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கை என்பது அதை எழுதிக் காட்டும் ஒரு கருவி.

எக்ஸ்னரின் வழக்கு என்னவாயிற்று? 2009-இல் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரத்து மருத்துவர்கள், பென்ஃபீல்டின் முறையில், விழித்திருந்த நோயாளிகளை அறுவை மேசையில் எழுதச் சொன்னார்கள். எக்ஸ்னர் சொன்ன இடத்துக்கு அருகே, சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறிய இடத்தைத் தொட்டதும் எழுத்து நின்றது. கை செயலிழக்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. 2013-இல் 18 படப்பிடிப்பு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதே இடம் தென்பட்டது. ஆனால் அது தனியாக வேலை செய்யவில்லை. மூளையின் மேற்புறப் பகுதி ஒன்றும், வலது பக்கச் சிறுமூளையும் அதனோடு சேர்ந்து வேலை செய்தன. எக்ஸ்னர் இடத்தைச் சரியாகச் சுட்டினார். ஆனால் எழுத்து ஓர் இடத்தின் வேலையன்று. பலர் கைகொடுத்துச் செய்யும் கூட்டு வேலை.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. 2003-இல் பிரான்சில் மரீக் லாங்கான் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், எழுத்துகளை வெறுமனே பார்க்க மட்டும் சொன்னார்கள். கை அசையவில்லை. ஆயினும், மூளையில் எழுதுவதற்குரிய பகுதி விழித்துக்கொண்டது. எழுதிப் பழகாத புதிய வடிவங்களைப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. வலது கையால் எழுதுகிறவர்களுக்கு இது இடது மூளையிலும், இடது கையால் எழுதுகிறவர்களுக்கு வலது மூளையிலும் நடந்தது. பாரிஸ் வணிகரின் விரல் எழுத்தை நினைவில் வைத்திருந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

2012-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், இன்னும் படிக்கத் தெரியாத ஏறக்குறைய 5 வயதுக் குழந்தைகளுக்குச் சில எழுத்துகளைத் தாமே எழுதவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரையவும், சிலவற்றைத் தட்டச்சுப் பொறியில் தட்டுவதுபோல் விசையை அழுத்தவும் பழக்கினார்கள். பிறகு படம் எடுத்தார்கள். தம் கையால் தாமே எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோதுதான், பின்னாளில் படிப்பதற்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் நன்றாக விழித்தன. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். காது, வாய், கண், விரல் நான்கையும் ஒன்றாகப் பழக்கிய முறை அது.

சரி, பள்ளிக்கே போகாதவர்கள்? 1998-இல் போர்ச்சுகல் நாட்டிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், மூத்த பெண் பிள்ளையை வீட்டு வேலைக்கும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்திவிட்டு, இளையவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் முன்பு இருந்தது. நமக்கும் தெரியாத கதையன்று இது. அந்த மூத்தவர்கள் முதுமையடைந்த காலத்தில், படித்தவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பழக்கமான சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் வேறுபாடு அதிகமில்லை. பொருளற்ற புதுச் சொற்களைக் கொடுத்தபோது, படிக்காதவர்கள் தடுமாறினார்கள். மூளையின் வேலையும் வேறாக இருந்தது. எழுத்தறிவு, காதால் கேட்கும் விதத்தையும் மாற்றுகிறது. இதில் அறிவுக் குறைவு எதுவும் இல்லை. கிடைக்காமற்போன வாய்ப்பின் தடமே அது.

அந்தத் தடத்தை மாற்ற முடியுமா? முடியும் என்கிறது 2010-இல் வெளிவந்த ஆய்வு. ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு அறிஞரின் குழு பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் பலர் பெரியவர்களான பிறகே எழுத்துக் கற்றவர்கள். அவர்கள் மூளையிலும் எழுத்துக்குரிய பகுதி உருவாகியிருந்தது. 2017-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், வட இந்தியாவின் லக்னோ நகரத்தை அடுத்த கிராமங்களில் படிக்காத பெரியவர்களுக்கு 6 மாதம் இந்தி எழுத்தைக் கற்பித்தார்கள். அந்த ஆறு மாதத்திலேயே, மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையே உறவு கூடியிருந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தப் படங்கள் எண்ணத்தைப் பிடித்த படங்கள் அல்ல. இரத்த ஓட்டத்தைப் பிடித்த படங்கள். மூளை வேலை தொடங்கிச் சில விநாடிகள் கழித்தே இரத்தம் உச்சத்தை எட்டும். பல சோதனைகள் சிலரை மட்டுமே கொண்டு செய்யப்பட்டவை. ஆகவே, 'படத்தைப் பார்த்தே ஒருவரின் புத்தியைச் சொல்லிவிடுவேன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நோயாளிகளிடம் கண்டதும், மின்சாரத்தால் தொட்டுக் கண்டதும், படத்தில் கண்டதும் ஒரே பக்கம் கை காட்டும்போது, அதை நாம் துணிந்து ஏற்றுக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1995-இல் அமெரிக்காவில் சிலரை நாள்தோறும் சில நிமிடங்கள் விரல்களை ஒரு வரிசையில் அசைத்துப் பழகச் சொன்னார்கள். சில வாரங்களில் அந்த வரிசைக்கு மூளையில் கிடைத்த இடம் பெரிதாகியிருந்தது. 'கை பழகிவிட்டது' என்கிறோமே, பழகியது மூளை. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், பட்டையை மெல்லியதாகச் சீவி, மரத்துக்குக் காயம் படாமல் உளியை நிறுத்தும் கைக்கும் இதே நியதிதான். அந்த அளவு ஒரு மூளைக்குள் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கை வேலை வேறு, மூளை வேலை வேறு என்ற பிரிவினை மனிதர் போட்ட கோடு. மூளைக்குள் அப்படி ஒரு கோடு இல்லை.

எனவே நாம் செய்யக்கூடியவை சில. சிறு பிள்ளைகளுக்குத் தொலைபேசித் திரையைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து எழுதச் சொல்வோம்; எழுத்தைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். இடது கையால் எழுதும் பிள்ளையை அடித்து மாற்ற வேண்டாம். அதன் மூளை வேறு பக்கத்தில் வேலை செய்கிறது, அவ்வளவுதான். வீட்டில் கைநாட்டு வைக்கும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்கள் பெயரை எழுதப் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொடுக்கலாம், நாள் கடந்துவிடவில்லை.

தலையெழுத்தை மாற்ற முடியாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். தலைக்குள் இருக்கும் எழுத்தை நேரிலேயே பார்த்த விஞ்ஞானிகள் சொல்வது வேறு. அது கற்கக் கற்க மாறுகிறது. ஐந்து வயதிலும் மாறுகிறது, ஐம்பது வயதிலும் மாறுகிறது.